மோதிரம் போட்ட நட்சத்திரம்

பதினொரு நாட்களாகத் தமிழ்மொழி தன் அப்பாவிடம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருந்தாள். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அப்பா தொலைநோக்கியில் பார்த்தது சனிக் கிரகம் இல்லை, வேறு ஒரு நட்சத்திரம். அவ்வளவுதான்.

ஆனால் அதைச் சொன்னால், அப்பா மறுபடியும் சனிக்கிழமைகளில் ஆட்டோவை எடுக்காமல் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, லஸ் முனையில் அப்பா வேலுவின் ஆட்டோ கவிழ்ந்தது. குறுக்கே ஓடிவந்த நாய் தப்பித்துவிட்டது. வண்டியில் சவாரி யாரும் இல்லை. வேலுவுக்குத்தான் தோளோரம் காரை எலும்பு முறிந்தது. கட்டுப் பிரித்த கையோடு தேவானை தன் கணவரை ஒரு ஜோசியரிடம் அழைத்துப் போனாள். கும்ப ராசி, ஏழரைச் சனி நடக்கிறது, சனிக்கிழமையில் வண்டியைத் தொடாமல் இருப்பது உத்தமம் என்றார் அவர். வேலு தொடவில்லை. அன்றிலிருந்து வாரத்தில் ஆறு நாள் கலகலவென்று இருக்கிற மனுஷர், ஏழாவது நாள் வேறு ஆளாகிவிடுவார். மின்விசிறியைக் கழற்றித் துடைப்பார். குழம்பில் குறை சொல்வார். சாயங்காலம் மாட வீதிப் பக்கம் போகிற ஆட்டோக்களின் சத்தம் கேட்டால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார்.

தமிழ்மொழிக்கு இருபத்து மூன்று வயது. இயற்பியல் படித்துவிட்டு அடையாறில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அதிகம் பேசமாட்டாள். கூடத்தில் அது வசதியாகப் போயிற்று. பாட்டில்களிடம் பேச வேண்டியதில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கற்றுக்கொள்கிறவர்களுக்கென்று விற்கிற ஒரு தொலைநோக்கியை வாங்கினாள். கூரியர் அலுவலகத்திலிருந்து அந்த நீளப் பெட்டியை வேலுதான் கொண்டுவந்தார். பின்சீட்டில் படுக்கவைத்துக் கயிறு போட்டுக் கட்டி, மந்தைவெளி வரைக்கும் ஒரு பள்ளத்தில்கூட இறக்காமல் ஓட்டினார்.

அவர்கள் வீடு பறக்கும் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் இருந்தது. நான்கு குடித்தனங்கள். எல்லோருக்கும் பொதுவாகப் பின்பக்கம் ஒரு முற்றம். மூடிய கிணறு, துணிக்கொடிகள், ஒரு தென்னை. ரயில் நிலையத்து வெளிச்சத்தைத் தென்னை கொஞ்சம் மறைத்தது. அதனால் கிணற்று மேடைக்குப் பக்கத்தில் தொலைநோக்கியை நிறுத்த ஓர் இடம் கிடைத்தது.

முதல் சாயங்காலம் ஒரு வியாழக்கிழமை. இரண்டு நாள் மழை விட்டிருந்தது. அந்த மாதம் தெற்கு வானத்தில் சனி தெரியும் என்று அவள் படித்திருந்தாள். தெற்கே பார்த்தாள். அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி இருந்தது. நகரத்து வானத்தில் அவ்வளவுதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். குழாயை அதை நோக்கித் திருப்பிக் கண்ணை வைத்தாள். கலங்கலாக இருந்தது. தெளிவைக் கூட்டிக் குறைக்கிற திருகைத் திருப்பினாள்.

வட்டமாக ஒரு வளையம் வந்து நின்றது. நடுவில் கறுப்பு. சுற்றிலும் வெள்ளி.

"மோதிரம்!" என்று கத்திவிட்டாள். அவள் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று அந்த முற்றத்தில் யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது.

முதலில் வந்தவள் பக்கத்து வீட்டு ஹமீதுன்னிசா. தையல் எந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு வந்தாள். கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "அல்லா! கொக்கி மாட்ற வளையம் மாதிரி கீதே கண்ணு. யாரு தச்சு மாட்டனது அங்க?" என்றாள்.

தேவானை கிட்டே வரவில்லை. "அவர நேருக்கு நேர் பாக்கக் கூடாதுடி. கோயில்லயே ஒதுங்கி நின்னுதான் கும்புடுவோம்."

"இதுல நேரா பாக்க முடியாதும்மா. குழாய் வாய் அங்க இருக்கு. கண்ணு வைக்கிறது பக்கவாட்டுல. பாரேன்."

தேவானை தொலைநோக்கியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். உண்மைதான். குழாய் தெற்கைப் பார்க்க, பார்க்கிறவர் கிழக்கு நோக்கி நிற்க வேண்டியிருந்தது. "இத செஞ்சவன் விவரம் தெரிஞ்சவன்தான்" என்று ஒப்புக்கொண்டாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தாள்.

வேலு கடைசியில் வந்தார். சட்டைப் பொத்தான்களையெல்லாம் போட்டுக்கொண்டு வந்தார். வைத்த கண்ணை வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார்.

"இவரா? இவரா அது? எவ்ளோ தூரத்துல, மோதிரத்த மாட்டிக்கினு, அவர் பாட்டுக்கு அவர் வேலயப் பாத்துக்கினு கீறாரு. லஸ் முனையில என் வண்டியத் தேடிப் பிடிச்சுக் கவுக்குறதா இவருக்கு வேல?"

இரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமை. காலையில் எழுந்து பார்த்தால் ஆட்டோ வாசலில் இல்லை. தேவானை தெருவைப் பார்த்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இரவு எட்டரைக்கு வேலு திரும்பினார், கையில் வாழைக்காய் பஜ்ஜிப் பொட்டலத்தோடு. குளத்தங்கரையில் என்ன கூட்டம், அபிராமபுரத்தில் யார் வீட்டுக் கல்யாணம், தி.நகரிலிருந்து மூன்று பெண்கள் பதினாறு பைகளோடு எப்படி ஏறினார்கள் என்று படுக்கப் போகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்று வருடத்துச் சனிக்கிழமைப் பேச்செல்லாம் அன்றைக்கு ஒரே நாளில் வெளியே வந்தது.

அடுத்த புதன்கிழமைதான் தமிழ்மொழிக்கு விஷயம் தெரிந்தது.

புயல் வரப்போகிறது என்று சொல்லி, அன்று காலை ஆள் வந்து தென்னையின் மட்டைகளை வெட்டிவிட்டுப் போயிருந்தான். சாயங்காலம் அவள் தனியாக முற்றத்துக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே அதே புள்ளி. ஆனால் அதற்கு மேலே, இடதுபக்கம், நேற்றுவரை மட்டைகள் மறைத்திருந்த இடத்தில், இன்னொரு புள்ளி. இது மஞ்சளாக, சிமிட்டாமல் இருந்தது.

அவள் முதலில் பழைய புள்ளியைப் பிடித்தாள். வளையம் வந்தது. திருகை இன்னும் கொஞ்சம் திருப்பினாள். வளையம் சுருங்கிற்று. இன்னும் திருப்பினாள். இன்னும் சுருங்கி, கடைசியில் ஓர் ஊசிமுனையாகி நின்றது. நட்சத்திரம். வானவரைபடத்தைக் கைப்பேசியில் திறந்து பார்த்தாள். ஃபோமல்ஹாட் என்று பெயர் போட்டிருந்தது.

அவளுக்குக் காது சூடாகிவிட்டது. இது கண்ணாடி வைத்த தொலைநோக்கி. குழாயின் அடியில் பெரிய கண்ணாடி, வாய்ப்பக்கத்தில் சின்னக் கண்ணாடி. திருகு சரியாக நிற்காவிட்டால் எந்த நட்சத்திரமும் வட்டமாக விரியும். சின்னக் கண்ணாடியின் நிழல் நடுவில் கறுப்பாக விழும். தேர்வில் கேட்டிருந்தால் படம் வரைந்து ஐந்து மதிப்பெண் வாங்கியிருப்பாள்.

பிறகு மஞ்சள் புள்ளிக்குத் திரும்பினாள். மிளகு அளவுக்கு ஒரு வட்டம். அதன் குறுக்கே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துருத்திக்கொண்டு, முடியைவிட மெல்லிய ஒரு கோடு. அதுதான் சனி. வளையத்தின் விளிம்பு மட்டுமே நமக்குத் தெரிகிற வருடம் இது என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டாள். தட்டைக் கண்ணுக்கு நேராகக் கிடையாய்ப் பிடித்தால் கோடாகத்தானே தெரியும்?

அந்தக் கோட்டை அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை என்பதுதான் கஷ்டம்.

பரிசோதனைக் கூடத்தில் தப்பாக எழுதிவிட்டால் ஒரு முறை இருக்கிறது. அழிக்கக் கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். யாரும் திட்டமாட்டார்கள். வீட்டில் அப்படி ஒரு ஏடு இல்லை.

மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை, வேலு வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏதோ பாட்டை விசிலடித்துக்கொண்டிருந்தார். தமிழ்மொழி காபித் தம்ளரோடு போய் நின்றாள்.

"நைனா..."

"இன்னாம்மா?"

"அது... ஹெட்லைட்டு அழுக்கா இருக்கு."

"ஆமால்ல!" என்று ஹெட்லைட்டைத் துடைத்தார். மறுபடி விசில். அவர் காபியைக் குடித்ததும் அவள் காலித் தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

பிறகு மழை. ஒரு வாரம் முற்றத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். வானமே இல்லை, அதனால் சொல்ல வேண்டிய அவசரமும் இல்லை. மழைக்கு அவள் மனசுக்குள் நன்றி சொன்னாள். அதற்குள் இன்னொரு சனிக்கிழமை வந்து போயிற்று. அன்றும் வேலு மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். ராத்திரி தலையைத் துவட்டியபடியே சொன்னார்:

"மழ வுட்ருச்சு. நாளைக்கு ஸ்டாண்டு ஆளுங்க வராங்க மொழி. சனீஸ்வரன என் பொண்ணு வூட்டுக் கொல்லையிலயே காட்னான்னு சொன்னா, ஒருத்தனும் நம்ப மாட்றான். அந்தச் சக்திவேலு மூஞ்சிக்கு நேராவே சிரிக்கிறான். நீ காட்டு, அவன் வாய மூடட்டும்."

ராத்திரி அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காட்டுவது சுலபம். பழைய நட்சத்திரத்தைப் பிடித்து, திருகைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டால் மோதிரம் வந்துவிடும். எல்லோரும் பார்த்துவிட்டுப் போவார்கள். அப்பாவுக்குப் பெருமை. அவளுக்கும் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. தெரியாமல் காட்டியது வேறு, தெரிந்தே காட்டுவது வேறு என்பதுதான் இடித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆறே முக்காலுக்கு ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பெரும்பாக்கத்துக்கு வீடு மாற்றிவிட்ட பிறகும் தினமும் மந்தைவெளிக்கே வண்டி ஓட்ட வருகிற லாசர், வேலுவின் வயசுக்காரர். இன்னொருவர் சக்திவேல், பத்து வயது இளையவர், ஸ்டாண்டில் யாருக்குப் பட்டப்பெயர் வைப்பதானாலும் அவர்தான். தேவானை டீ கொடுத்தாள். ஹமீதுன்னிசா எந்திரத்தைக் கதவோரம் இழுத்துப் போட்டு, தைத்துக்கொண்டே வேடிக்கை பார்த்தாள்.

தமிழ்மொழி தொலைநோக்கியின் பக்கத்தில் நின்றாள். வானம் கழுவிவிட்டது போல இருந்தது. கீழே ஒரு புள்ளி, மேலே ஒரு புள்ளி. அவள் கை குழாயைக் கீழேதான் கொண்டுபோயிற்று. ஒரு நிமிஷம் அங்கேயே வைத்திருந்தாள். பிறகு மேலே தூக்கினாள். மஞ்சள் வட்டத்தைப் பிடித்து, திருகை மெதுவாகத் திருப்பி, கோடு தெளிவாக நிற்கும்வரை பார்த்தாள்.

"வாங்க மாமா" என்றாள் லாசரிடம்.

லாசர் பார்த்தார். "சின்னதா கீதும்மா. ஆனா அழகா கீது. கோலிகுண்டுல குச்சி சொருகனாப்ல."

"குச்சியா? மோதிரம்னு சொன்னாரே மாமா?" சக்திவேல் லாசரை நகர்த்திவிட்டுக் குனிந்தார். ஒரு கண்ணால் பார்த்தார், மறு கண்ணால் பார்த்தார். வேலுவின் பக்கம் நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "மாமா, மோதிரம் எங்க மாமா? சேட்டுக் கடையில அடகு வச்சிட்டாரா?"

ஹமீதுன்னிசா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். தேவானைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"டேய், தள்றா." வேலு வந்து கண்ணை வைத்தார். அதற்குள் சனி நகர்ந்துவிட்டிருந்தது. தமிழ்மொழி குழாயை ஒரு நூல் தள்ளிச் சரிசெய்தாள். வேலு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மோதிரத்தக் காணமே மொழி" என்றார். குரல் இறங்கியிருந்தது. "அன்னிக்கு அவ்ளோ பெருசா இருந்திச்சு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் செருப்பு நுனியைப் பார்த்தாள். "இந்த வருசம் வளையம் நமக்கு விளிம்பத்தான் காட்டுது நைனா. தட்டக் கண்ணுக்கு நேரா படுக்கப் புடிச்சுப் பாத்தா எப்பிடித் தெரியும்? அந்த மாதிரி. அதான் கோடா இருக்கு."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. சொல்லி முடித்ததும் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. தப்பித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

வேலுவின் முகம் மெல்ல மலர்ந்தது. "பதினேழு நாள் முன்னாடி முழுசா காட்டனாரு. இப்போ விளிம்பு. அப்போ திரும்பிக்கினாரு! என் பக்கத்துலருந்து திரும்பிக்கினாரு. தேவானை, கேட்டியா? ஜோசியர் இன்னும் ரெண்டு வருசம்னாரு. இங்க கண்ணாலயே பாத்துட்டோம். எனக்கு முடிஞ்சிச்சு!"

தேவானை வானத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பக்கவாட்டில் ஒதுங்கி நின்றுதான்.

தமிழ்மொழிக்குக் கூடத்து ஏடுதான் ஞாபகம் வந்தது. சரியான அளவை எடுத்து, வேறு பாட்டிலின் பெயருக்கு எதிரே எழுதியது போல ஆகிவிட்டது. அவள் சொன்னது சரி. அப்பா எடுத்துக்கொண்டது வேறு. கொஞ்சம் முன்னால் ஒரு தப்புதான் இருந்தது. இப்போது அதன் தலையில் இன்னொன்று ஏறி உட்கார்ந்துவிட்டது. நாளைக்கு ஸ்டாண்டு முழுக்கப் போகும். ஏதாவது ஒரு சனிக்கிழமை எங்கேயாவது லேசாக உரசிவிட்டால் என்ன ஆகும்? சனீஸ்வரன் திரும்பிப் பார்த்துவிட்டார் என்று சொல்லி அப்பா மறுபடி ஜன்னலைச் சாத்தமாட்டாரா?

"எனக்கும் கும்பந்தான் மாமா" என்றார் சக்திவேல். இப்போது அவர் சிரிக்கவில்லை. "எனக்கும் திரும்பிட்டாரா, இல்ல உனக்கு மட்டுமா?"

"உனக்குத் திரும்பறதுக்கு அவருக்கு ரெண்டு கழுத்து வேணும்டா" என்றார் லாசர். சிரித்துவிட்டு, டீயை ஆற்றிக்கொண்டே வேலுவிடம் கேட்டார்: "அது கெடக்குது மச்சி. மூணு சனிக்கிழம ஓட்டியிருக்கியே. ஒண்ணும் ஆவலயா?"

"ஒரு கீறல் கெடயாது. நேத்து அந்த மழயில பதினாலு சவாரி. ஆர்.கே. மட்டு ரோட்ல முட்டி அளவு தண்ணி. ஓரமாவே, பள்ளம் எங்க கீதுன்னு பாத்துப் பாத்து ஓட்னேன்." வேலு நெஞ்சைத் தட்டிக்கொண்டார். "எப்பிடி ஆவும்? அதான் அன்னிக்கே அவர மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துட்டேனே. அந்த தைரியந்தான்."

"நைனா" என்றாள் தமிழ்மொழி.

அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. தையல் எந்திரம் நின்றது.

"இன்னாம்மா?"

குழாயைப் பிடித்துக்கொண்டால் சனி ஓடிவிடும் என்று கிணற்று மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நீ பாத்தது சனி இல்ல நைனா. அதோ, தொட்டிக்கு மேல இருக்கே, அந்த நட்சத்திரம். நான் திருகைச் சரியா வைக்கல. அதான் மோதிரம் மாதிரி தெரிஞ்சிச்சு. தப்பு என்னுது. எனக்கே அப்புறந்தான் தெரியும்."

சக்திவேல் வாயைத் திறந்தார். லாசர் அவர் முழங்கையை அழுத்தினார். வேலு தொட்டிக்கு மேலே இருந்த புள்ளியைப் பார்த்தார். பிறகு அதற்கு மேலே இருந்ததைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"அப்போ அவர நான்..."

"இப்பத்தான் மொத தபா பாக்குற. மூணு சனிக்கிழமையும் அவரப் பாக்காமதான் நைனா நீ ஓட்டிட்டு வந்த."